பான்சர் 4-க்கு டுங்கெல்கெல்ப்: எக்ஸ்எஃப்-60 அப்படியே போதுமா, கலக்கணுமா?

#1 – கவசம்_35

கிட் 1/35 பான்சர் 4 எச் (இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியின் பிளாஸ்டிக் மாடல்), ஷுர்ட்சென் என்ற பக்கக் கவசத் தகடுகளோடு. 1943 பின்பகுதி வண்டி. மஞ்சள் அடிநிறம், அதன்மேல் பச்சையும் பழுப்பும் மெல்லிய வரிகளாக வர வேண்டும். கையில் இருப்பது டாமியா அக்ரிலிக்: எக்ஸ்எஃப்-2 (வெள்ளை), 3 (மஞ்சள்), 4 (மஞ்சள் பச்சை), 57 (பஃப்), 60 (அடர்மஞ்சள்), 61 (அடர்பச்சை), 64 (சிவப்புப் பழுப்பு). ஏர்பிரஷ் 0.3 மி.மீ. முனை.

சிக்கல் இதுதான். எக்ஸ்எஃப்-60-ஐ நேராக அடித்தால் சோதனை அட்டையில் இருட்டாக இருக்கிறது. வாஷ் (இடுக்குகளில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த அடர்நிறம்) போட்டதும் காய்ந்த கடுகுச் சாந்து நிறம். வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர். எக்ஸ்எஃப்-61 நீலம் தட்டிய பச்சையாகத் தெரிகிறது.

மூன்றுக்கும் விகிதம் வேண்டும். "கண்ணுக்குப் பிடித்த மாதிரி கலக்கவும்" என்ற பதில் வேண்டாம், அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

#2 – சங்கிலித்தடம்

விகிதத்துக்கு முன்னால் எதைத் துரத்துகிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

1943 பிப்ரவரி வரை ஐரோப்பிய முனையில் ஜெர்மன் டாங்கிகளின் அடிநிறம் ரால் (ஜெர்மன் நிறத் தரப் பட்டியல்) 7021 அடர்சாம்பல். அந்த மாத உத்தரவோடு அது டுங்கெல்கெல்ப் ஆனது. சொல்லுக்குப் பொருள் 'அடர்மஞ்சள்'. ஆனால் எண்ணைப் பாருங்கள், 7028. ரால் பட்டியலில் மஞ்சள்கள் 1000 வரிசை, பச்சைகள் 6000, சாம்பல்கள் 7000, பழுப்புகள் 8000. பெயரில் மஞ்சள் என்று இருந்தாலும் அதை உட்காரவைத்தது சாம்பல்களோடு. கலக்கும்போது கை மஞ்சள் பக்கம் நீளும் ஒவ்வொரு தடவையும் இதை நினைத்துக்கொண்டால் போதும்.

மேல்நிறங்கள் இரண்டு: ஓலிவ்க்ரூன் ரால் 6003, ரோட்பிரவுன் ரால் 8017. உங்கள் பான்சர் 4 எச் தொழிற்சாலையிலிருந்து வெறும் மஞ்சளில் வெளிவந்த வண்டி. பச்சையும் பழுப்பும் கெட்டிப் பசையாக டப்பாவில் படைப்பிரிவுக்குப் போகும். அங்கே தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து அடித்தார்கள். எவ்வளவு ஊற்றினார்கள் என்பது அடித்தவர் கையைப் பொறுத்தது. தண்ணீரில் கரைத்தது நாளடைவில் மழையில் கரைந்தும் போகும். அதனால் மேல்நிறம் ஒரு வண்டியில் கெட்டியாகவும் இன்னொன்றில் அடிமஞ்சள் தெரிகிற அளவு மெல்லியதாகவும் இருக்கும். மூன்று நிறத்தையும் தொழிற்சாலையே அடித்து அனுப்பச் சொன்ன உத்தரவு 1944 ஆகஸ்ட்டில்தான் வந்தது.

இரண்டு பொறிகள்:

பெயின்ட் கடையில் கிடைக்கும் இன்றைய ரால் கிளாசிக் விசிறி அட்டையில் 7028 கிடையாது. அதில் தேடி, பக்கத்து எண்ணைப் பார்த்து "இதுதான் போல" என்று முடிவெடுக்காதீர்கள்.

அந்த அட்டையில் 'சிவப்புப் பழுப்பு' என்ற பெயரில் இருப்பது 8012. போர்க்கால உருமறைப்பு ரோட்பிரவுன் 8017. இன்றைய அட்டையில் அதற்கு 'சாக்லேட் பழுப்பு' என்று பெயர். பெயரை நம்பி 8012-ஐ எடுத்தால் டாங்கி முழுக்கப் பிரைமர் நிறத்தில் கோடு விழும், ஏனென்றால் அடிப்பூச்சுச் சிவப்பு அதுதான்.

அருங்காட்சியகப் படங்களையும் நம்ப வேண்டாம். பாவிங்டன், சோமூர், முன்ஸ்டர் எங்கே பார்த்தாலும் பெரும்பாலான வண்டிகள் போருக்குப் பிறகு மறுபூச்சு கண்டவை.

#3 – பத்துச்_சொட்டு

கேட்ட விகிதம். எல்லாம் கன அளவு, எடை அல்ல.

அடிநிறம்:
எக்ஸ்எஃப்-60: 6 பங்கு
எக்ஸ்எஃப்-57 பஃப்: 2 பங்கு
எக்ஸ்எஃப்-2 வெள்ளை: 1 பங்கு

ஒரு பங்கு 1 மி.லி. என்று வைத்தால் மொத்தம் 9 மி.லி. தின்னர் சேர்த்தபின் 20 மி.லி. பக்கம் வரும். ஷுர்ட்சென், சக்கரங்கள், கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 1/35 பான்சர் 4-க்கு இது போதும், திருத்தத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும். பாதி வண்டியில் தீர்ந்து மறுபடி கலப்பதைவிட மிஞ்சுவது மேல்.

அட்டையில் காய்ந்தபிறகு திருத்தம்:

பீச் பழம் மாதிரி இளஞ்சிவப்புத் தட்டினால் 9 மி.லி.க்கு எக்ஸ்எஃப்-4 மூன்று சொட்டு. அது மஞ்சள் பச்சை, சிவப்பை அடக்கும். ஐந்துக்கு மேல் போனால் பட்டாணி நிறம்.

பச்சை தட்டினால் எக்ஸ்எஃப்-64 ஒரே ஒரு சொட்டு. நன்றாகக் கலக்கி, அட்டையில் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது.

பளீரென்று மஞ்சளாக இருந்தால் வெள்ளையைத் தொடாதீர்கள். ஏதாவது நடுத்தரச் சாம்பல், எக்ஸ்எஃப்-20 மாதிரி, இரண்டு சொட்டு. சங்கிலித்தடம் சொன்ன 7000 வரிசைக் கதை இங்கேதான் உதவுது.

கலக்கும் வரிசை முக்கியம். வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் அதில் சொட்டுச் சொட்டாக. தலைகீழாகச் செய்தால் ஒரு சொட்டு எக்ஸ்எஃப்-64-ஐ ஈடுகட்ட அரைப் புட்டி பஃப் போகும்.

#4 – வெள்ளைக்கு_எதிரி

அந்த 1 பங்கு வெள்ளை எதுக்கு? "அளவு விளைவு", அதாவது சின்ன மாடலைத் தூரத்து வண்டி மாதிரி வெளுக்க வைக்கணும் என்று சொல்லப் போறீங்கன்னா அந்தக் கணக்கையே ஒருதரம் போட்டுப் பார்ப்போம்.

1/35 மாடலை அரை மீட்டர் தூரத்தில் வச்சுப் பார்க்கிறோம். 0.5 × 35 = 17.5 மீட்டர். பதினேழு மீட்டரில் நிற்கிற நிஜ டாங்கியின் நிறத்தைக் காற்று வெளுக்க வைக்குமா? தெருவின் அந்தப் பக்கம் நிற்கிற பஸ் வெளுத்தா தெரியுது? இல்லை. 1/72-க்கு 15 சதவீதம் வெள்ளை, 1/48-க்கு 10 என்று விமான மாடல்காரர்கள் வச்சிருக்கிற பட்டியலை அப்படியே டாங்கிக்கு இறக்குவது சரியில்லை.

வெள்ளை இரண்டு வேலை செய்யும். நிறத்தை வெளிறச் செய்யும், கூடவே செறிவையும் தின்னும். நமக்கு முதல் வேலை மட்டும்தான் வேணும்.

#5 – பத்துச்_சொட்டு

கணக்கு சரி. காற்று மங்கல் வாதத்தை நானும் விட்டுவிட்டேன். ஆனால் மாடல் இருட்டாகத் தெரிவது நிஜம், காரணம் வேறு. வெயிலில் நிற்கிற டாங்கிமேல் விழுவது ஒரு லட்சம் லக்ஸ் பக்கம். மேசை விளக்கில் மாடல்மேல் விழுவது சில நூறு, மிஞ்சினால் ஆயிரம் லக்ஸ். அதே பெயின்ட், அதே சில்லு (நிற மாதிரித் துண்டு), இரண்டு இடத்தில் வேறு வேறாகத் தெரியத்தான் செய்யும். அதனால் வெளிறச் செய்வது தப்பில்லை. எவ்வளவு, எதைக்கொண்டு என்பதுதான் கேள்வி.

ஒன்பதில் ஒன்று வெள்ளை எல்லை. ஒன்பதில் மூன்று போனால் கவசம்_35 சொன்ன சுண்ணாம்புச் சுவர்.

#6 – வெள்ளைக்கு_எதிரி

அப்ப வெள்ளைக்குப் பதில் எக்ஸ்எஃப்-55 டெக் டான் போட்டுப் பாருங்க: எக்ஸ்எஃப்-60 ஆறு, எக்ஸ்எஃப்-57 ஒன்று, எக்ஸ்எஃப்-55 இரண்டு. டெக் டானில் ஏற்கெனவே சாம்பல் கலந்த மணல்நிறம் இருக்கு. வெளிறவும் செய்யும், 7000 வரிசைப் பக்கமும் இழுக்கும். புட்டி கூடுதலாக வாங்கணும் என்பதுதான் குறை.

அப்புறம் இன்னொன்று. எக்ஸ்எஃப்-88, 89, 90 என்று டாமியாவே பின்னால் விட்ட 'டார்க் யெல்லோ 2, டார்க் கிரீன் 2, ரெட் பிரவுன் 2' மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும். கலக்கவே பிடிக்காதவர்களுக்கு அது நேர்வழி.

#7 – சங்கிலித்தடம்

எக்ஸ்எஃப்-88 எக்ஸ்எஃப்-60-ஐவிடப் பச்சைப் பக்கம் சாயும். அதன்மேல் எக்ஸ்எஃப்-61, 64 அடித்தால் பொருந்தாது; மூன்றையும் புது வரிசையிலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் மூன்றையும் பழைய வரிசையிலிருந்து கலந்துகொள்ளுங்கள்.

#8 – ஊசிமுனை

விகிதம் பேசும்போது அளக்கும் முறை பேசாவிட்டால் பயனில்லை. ஒருவர் ஆறுக்கு ரெண்டு என்று சொல்லி இன்னொருவர் வேறு நிறம் எடுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

புட்டியைக் குலுக்குவது போதாது. எக்ஸ்எஃப் வரிசையில் மேட் தன்மை தரும் பொடி அடியில் கெட்டியாக உட்காரும். தட்டையான கரண்டிக் கம்பியால் அடியைச் சுரண்டி, கம்பியைத் தூக்கினால் கட்டி ஒட்டாத வரை கலக்குங்கள். நாள்பட்ட புட்டிக்கு இரண்டு நிமிடம் ஆகும். அடி கலங்காமல் மேல்நீரை எடுத்தால் நிறம் வேறு, காய்ந்தபின் பளபளப்பும் வேறு. அந்தப் புட்டியில் மீதி இருப்பதும் அதன்பிறகு கெட்டுப்போன விகிதம்தான், இதை யாரும் யோசிப்பதில்லை.

சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். கெட்டிப் பெயின்டின் சொட்டும் நீர்த்ததின் சொட்டும் ஒரே அளவு கிடையாது. மருந்துக்கடை 1 மி.லி. சிரிஞ்ச், ஊசி இல்லாமல், நிறத்துக்கு ஒன்று. கோடு பார்த்து இழுங்கள். திருத்தச் சொட்டுக்கு மட்டும் பிப்பெட்.

0.01 கிராம் தராசு வைத்திருப்பவர்கள் எடையில் அளக்கலாம், ஆனால் இங்கே கொடுத்திருக்கும் கன அளவு விகிதத்தை எடைக்கு அப்படியே மாற்றக் கூடாது. வெள்ளையின் டைட்டானியம் டையாக்சைடு கனமான நிறமி. அதே ஒரு பங்கு எடையில் வெள்ளை குறைவாக விழும். எடையென்றால் முதலிலிருந்து எடையிலேயே சோதித்து எழுதிவையுங்கள்.

வீரியமான நிறங்களை, கருப்பு, சிவப்புப் பழுப்பு ரெண்டையும், நேராகச் சொட்டாமல் தனிக் கிண்ணத்தில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தின்னர் விட்டு நீர்த்துவிட்டு அதிலிருந்து எடுங்கள். அரைச் சொட்டுத் திருத்தம் அப்போதுதான் சாத்தியம்.

அட்டை: காகிதம் வேண்டாம், உறிஞ்சும். பிளாஸ்டிக் தகடு அல்லது கிட்டின் மிச்சச் சட்டகம், மாடலுக்கு அடித்த அதே பிரைமர். ஏர்பிரஷ்ஷிலேயே அடித்துப் பாருங்கள். தூரிகையில் பூசினால் கனமாக விழுந்து அடர்ந்து தெரியும். டாமியா மேட் ஈரத்தில் அடர்ந்து, காய்ந்ததும் வெளிறும். கிண்ணத்தில் பார்த்து முடிவெடுத்தால் தப்பு உறுதி. இருபது நிமிடம் காத்திருங்கள்.

விளக்கு 5000–6500 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறன்) 90-க்கு மேல். மஞ்சள் பல்பின் கீழ் சரியாகக் கலந்த டுங்கெல்கெல்ப் மறுநாள் காலை ஜன்னலோரம் பச்சையாக நிற்கும்.

#9 – கவசம்_35

ஊசிமுனை, நன்றி. விளக்கில் சிஆர்ஐ போடவில்லை, அதுவும் ஒரு சந்தேகம். வயெஹோ நிறுவன அக்ரிலிக் வைத்திருக்கிறவர்களும் இதே விகிதம் பயன்படுத்தலாமா? எக்ஸ்எஃப்-57 தீர்ந்தால் வயெஹோ பஃப்பைச் சேர்க்க முடியுமா?

#10 – ஊசிமுனை

சேர்க்கவே கூடாது. டாமியா எக்ஸ்எஃப் ஆல்கஹால் சார்ந்தது, வயெஹோ நீர் சார்ந்தது. ஒன்றாக விட்டால் தயிர் திரிவது மாதிரி திரியும், ஏர்பிரஷ் முனையில் அது ரப்பராக உட்காரும். டாமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரை வயெஹோவில் விட்டாலும் இதே கதி.

வயெஹோவில் 70.978 டார்க் யெல்லோ ஐந்து, 70.976 பஃப் ஒன்று என்று தொடங்குங்கள். அதே நிறுவனத் தின்னர், கூடவே நாலைந்து சொட்டுக்கு ஒரு சொட்டு ஃப்ளோ இம்ப்ரூவர் (பெயின்ட் தடையின்றி ஓட உதவும் திரவம்). கவனம்: வயெஹோ டாமியாவுக்கு நேர்மாறு; ஈரத்தில் பால் கலந்த மாதிரி வெளிறியிருக்கும், காய்ந்தால் அடரும்.

#11 – பத்துச்_சொட்டு

இப்ப பச்சையும் பழுப்பும். இரண்டிலும் அடிக்கலவையையோ அதன் முக்கிய நிறமான எக்ஸ்எஃப்-60-ஐயோ கொஞ்சம் சேர்ப்பதுதான் சூத்திரம். அடிக்கலவை என்றால் மேலே கலந்த அந்த 9 மி.லி.யிலிருந்து, தின்னர் விடுவதற்கு முன்னால் 1.5 மி.லி. தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை, 6003:
எக்ஸ்எஃப்-61: 5 பங்கு
எக்ஸ்எஃப்-60: 3 பங்கு
எக்ஸ்எஃப்-3 மஞ்சள்: 1 பங்கு
எக்ஸ்எஃப்-61-இன் நீலத்தை எக்ஸ்எஃப்-3 வெட்டும், எக்ஸ்எஃப்-60 அதை ஆலிவாக இறக்கும். எக்ஸ்எஃப்-58 ஆலிவ் கிரீன் கிடைத்தால் இன்னும் சுலபம்: அது நாலு, அடிக்கலவை ஒன்று. முடிந்தது.

பழுப்பு, 8017:
எக்ஸ்எஃப்-64: 5 பங்கு
அடிக்கலவை: 1 பங்கு
பழுப்பை வெளிறவைக்க வெள்ளை சேர்ப்பவர்கள் ரோஜா நிற டாங்கி ஓட்டத் தயாராக இருக்க வேண்டும். பஃப் அல்லது அடிக்கலவை மட்டும்.

மேல்நிறம் தலா 2 மி.லி. போதும். மெல்லிய வரிக்கு அது நிறைய.

சோதனை அட்டை இதற்குத் தனியாக வேண்டும். சாம்பல் பிரைமர்மேல் அடித்துப் பார்க்காதீர்கள். காய்ந்த அடிமஞ்சள்மேல், நிஜமாக அடிக்கப் போகும் மெல்லிய அளவில் அடித்துப் பாருங்கள். மஞ்சள் கீழிருந்து ஊடுருவும், அதனால் கிண்ணத்தில் அடர்ந்திருந்த பச்சை வண்டியில் ஒரு படி வெளிறும்.

#12 – சங்கிலித்தடம்

மூன்றும் காய்ந்த அட்டையை ஃபோனில் கருப்பு வெள்ளையில் படம் எடுங்கள். பழுப்பு எல்லாவற்றையும்விட இருட்டு, பச்சை அதைவிடக் கொஞ்சம் வெளிர், மஞ்சள் இரண்டையும் விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பச்சையும் மஞ்சளும் ஒட்டிக்கொண்டால் இரண்டடி தள்ளிப் பார்க்கும்போது வரி மறைந்துவிடும்; பச்சையும் பழுப்பும் ஒட்டிக்கொண்டால் அது குறையில்லை, போர்க்காலக் கருப்பு வெள்ளைப் படங்களில் எது பச்சை எது பழுப்பு என்று சண்டை நடப்பதே அதனால்தான்.

ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சில்லோடு ஒப்பிட்டு நேரம் போக்குவதைவிட இந்த ஒரு படம் நிறையச் சொல்லும். மூன்றுக்கும் இடையிலான தூரம் சரியாக இருந்தால் அடிநிறம் அரைப் படி அங்கே இங்கே இருப்பதைக் கண் மன்னித்துவிடும்.

#13 – புகைத்தூரிகை

அடிக்கும் பகுதி யாரும் எழுதவில்லையே.

அடிநிறம்: பெயின்ட் ஒன்று, தின்னர் ஒன்று முதல் ஒன்றரை வரை. எக்ஸ்-20ஏ நல்லது, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் விட்டால் இன்னும் வழவழப்பாக உட்காரும். காற்றழுத்தம் 15–18 பிஎஸ்ஐ, எட்டுப் பத்து செ.மீ. தூரம். மூன்று மெல்லிய பூச்சு. முதல் பூச்சிலேயே மூடப் பார்க்காதீர்கள், இந்த மஞ்சளுக்கு மறைக்கும் திறன் குறைவு. மூடுகிற அளவு கனமாக அடித்தால் ஆணித்தலை எல்லாம் முழுகும். பிரைமர் எது என்பதும் தெரியும்: சிவப்பு ஆக்சைடுமேல் சூடான மஞ்சள், சாம்பல்மேல் குளிர்ந்த மஞ்சள், கருப்புமேல் நாலாவது பூச்சு வரை அழுக்கு.

வரிகள்: பெயின்ட் ஒன்று, தின்னர் மூன்று. 8–12 பிஎஸ்ஐ, ஒன்றரை செ.மீ. தூரம், விசையைக் கொஞ்சமே இழுங்கள். முதல் ஓட்டத்தில் கோடு இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வர வேண்டும். இரண்டாவதில் நிறம் வரும். கோட்டைச் சுற்றி சிலந்திக்கால் மாதிரி ஓடினால் தின்னர் அதிகம் அல்லது அழுத்தம் அதிகம், இரண்டில் முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள். ஓரத்தில் மணல் தூவிய மாதிரி புள்ளி விழுந்தால் பெயின்ட் கெட்டி, அல்லது முனையில் காய்ந்துவிட்டது. ஊசி நுனியைத் தின்னர் நனைத்த தூரிகையால் துடையுங்கள்.

புள்ளி விழுந்த வரி ஓரத்தை மேலே மறுபடி பச்சை அடித்துத் திருத்தாதீர்கள், கோடு தடிக்கும். அடிமஞ்சளை 1:4 நீர்த்து ஓரத்தை உள்ளே தள்ளி வெட்டுங்கள்.

வயெஹோக்காரர்களுக்கு இந்த விகிதம் எதுவும் பொருந்தாது.

#14 – கரைப்பான்

நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ரெண்டு சேர்க்கணும். 35 டிகிரியில் எக்ஸ்-20ஏ பாதி வழியிலேயே ஆவியாகும். துகள் காய்ந்து விழுந்து மேற்பரப்பு உப்புத்தாள் ஆகும். தின்னரில் நூற்றுக்கு அஞ்சு பங்கு ரிடார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) விடுங்க, தூரத்தையும் ஆறு செ.மீ.க்குக் குறைங்க. ரிடார்டர் பத்துக்கு மேல போனா ரெண்டு நாள் ஒட்டும்.

மழை நாளில் லாக்கர் வகைத் தின்னரோ மேட் வார்னிஷோ அடிச்சா ஈரப்பதம் உள்ளே மாட்டி வெண்படலம் பூக்கும். மஞ்சள்மேல் அவ்வளவா தெரியாது, பழுப்புமேல் சாம்பல் பூத்த மாதிரி அப்பட்டமாத் தெரியும். லேசான படலமென்றால் மறுநாள் காய்ந்த வானிலையில் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிசா ஒரு பூச்சு விட்டா பெரும்பாலும் கரையும்.

ஹார்டுவேர் கடை என்சி தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டும். கலவையில் விட்டீங்கன்னா பாலிஸ்டைரீனைக் கடிச்சு, தகடு வெடிச்ச சேற்றுத்தரை ஆகிடும். கழுவும்போதும் கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி, துணிமாஸ்க் இல்லை. டாமியாவுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் பயன்படுத்தலாம், 99 சதவீதம். ஆனா சீக்கிரம் காயும், ரிடார்டர் இல்லாம வேண்டாம்.

#15 – இளஞ்சாம்பல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே முறையில் அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்கு ஆலிவ் டிராப், முந்தைய கால ஜெர்மன் 7021 இரண்டுக்கும் சுருக்கமாக ஏதாவது?

#16 – வெள்ளைக்கு_எதிரி

ஆலிவ் டிராப் அடிப்படையில் காவிமஞ்சளும் கருப்பும். அதில் வெள்ளை விட்டா புதினாச் சட்னி. எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் ஐந்து, எக்ஸ்எஃப்-60 ஒன்று, பஃப் ஒன்று. தட்டையா தெரிந்தா எக்ஸ்எஃப்-3 ரெண்டு சொட்டு.

7021: எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே நேரா அடிச்சா 1/35-இல் கருப்பு. எக்ஸ்எஃப்-63 நாலு, எக்ஸ்எஃப்-20 ஒன்று, எக்ஸ்எஃப்-18 மீடியம் புளூ சொட்டு ரெண்டு. நீலம் அதுக்கு மேல வேண்டாம். நீலச்சாம்பல் பான்சர் என்பது மாடல் பெட்டி ஓவியங்களில் பிறந்த பழக்கம். இன்றைய ரால் அட்டை 7021-ஐக் கருஞ்சாம்பல் என்றுதான் சொல்லுது.

சோவியத் டி-34 டாங்கியின் பச்சைக்குத் தனி இழை போடுங்க, அது இதைவிட நீளமா ஓடும்.

#17 – புகைத்தூரிகை

கவசம்_35-இன் முதல் கேள்வியில் ஒரு வரி எல்லோரும் தாண்டிவிட்டோம்: "வாஷ் போட்டதும் கடுகுச் சாந்து." அவர் விகிதம் அங்கேதான் தோற்கிறது, கிண்ணத்தில் இல்லை.

வண்டி மேசைக்கு வரும் வரை நிறத்துக்கு என்னென்ன நடக்கிறது பாருங்கள். பளபளப்பு வார்னிஷ் அடித்ததும் அரைப் படி அடரும். எரிந்த அம்பர் வாஷ்ஷை உடல் முழுக்கப் பூசினால் இன்னும் ஒரு படி. பழுப்பு ஃபில்டர் (முழுப் பரப்பிலும் பூசும் மிக நீர்த்த நிறம்) போட்டால் அதற்கு மேல். கடைசி மேட் வார்னிஷ் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், கீழ்ப்பகுதி தூசு கொஞ்சம் கொடுக்கும், ஆனால் முழுக்கத் திரும்பாது. ஆகவே சில்லுக்குச் சரியாகப் பொருந்தும் அடிநிறம் கடைசியில் சில்லைவிட இருட்டாகத்தான் முடியும். பத்துச்_சொட்டு கொடுத்த 6:2:1 வாஷ் போடும் முன் பார்த்தால் வெளிர். அந்த வெளிர்வு வாஷ்ஷுக்கு வைத்த இடம்.

வாஷ் போடாமல் ஆணி, இடுக்கு, கீல் மட்டும் தொட்டுப் போகிறவர்கள் வெள்ளையை விட்டுவிட்டு 6:2 மட்டும் கலக்கலாம்.

சோதனை அட்டையில் ஒரு பாதியைப் பெயின்டோடு விடுங்கள், மறு பாதிக்குப் பளபளப்பு, வாஷ், மேட் எல்லாம் முழுசாகக் கொடுங்கள். ஒப்பிடவேண்டியது இரண்டாவது பாதியை.

எனாமல் வாஷ் வார்னிஷ் இல்லாத இடத்தில் தேங்கினால் இறுக்கமாகப் பொருத்திய பிளாஸ்டிக் இணைப்பு விரியும். ஷுர்ட்சென் கொக்கிகள் முதலில் போகும்.

#18 – கவசம்_35

அட்டை முடிவுகள்.

புட்டியைக் கம்பியால் கலக்கியபின் எக்ஸ்எஃப்-60 முன்பைவிட வெளிர்ந்து வந்தது. அடியில் கட்டி இருந்தது. 6:2:1, எக்ஸ்எஃப்-4 இரண்டு சொட்டு. வாஷ்ஷும் மேட்டும் போட்ட பாதி நன்றாக இருக்கிறது. பச்சை 5:3:1 கருப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சளுக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. பழுப்பு சரி.

#19 – பத்துச்_சொட்டு

பச்சையில் எக்ஸ்எஃப்-60-ஐ மூன்றிலிருந்து இரண்டாக்குங்கள், எக்ஸ்எஃப்-3 அப்படியே. கருப்பு வேண்டாம், செத்துப்போகும்.

#20 – கவசம்_35

5:2:1, விலகிவிட்டது. கடைசியாக ஒன்று: மிஞ்சிய கலவையை வைத்திருந்து கீறலைத் திருத்தலாமா?

#21 – ஊசிமுனை

தின்னர் விடாததை மட்டும் வையுங்கள். விளிம்பு வரை நிரம்பும் சின்னக் கண்ணாடிப் புட்டி, காற்று இருக்கக் கூடாது. உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்று. சாதாரண பேரிங் குண்டு துருவேறி மஞ்சளைப் பழுப்பாக்கும். மூடியில் விகிதம், திருத்தச் சொட்டு, தேதி. நீர்த்ததை அன்றே கொட்டிவிடுங்கள்.

திருத்தத்தைத் தூரிகையில் செய்தால் அதே புட்டிப் பெயின்டே திட்டாகத் தெரியும். வாஷ்ஷுக்கு முன்னால் ஏர்பிரஷ்ஷில் 1:3, அந்தத் தகடு முழுவதும் ஓரம் வரை. வாஷ்ஷுக்குப் பிறகென்றால் திருத்தவே வேண்டாம், அந்தக் கீறலில் சிவப்புப் பிரைமர் நிறம் ஒரு சிறு புள்ளி வைத்து உதிர்ந்த பெயின்டாக மாற்றிவிடுங்கள்.